கட்டடத்தைக் கட்டிவிட்டு றாக்கை வாங்கப் போனேன்

எங்கள் கடை களுவாஞ்சிகுடிப் பக்கம், மட்டக்களப்பு – கல்முனை பிரதான வீதியின் கடல் பக்கத்தில் இருக்கிறது. அப்பா 1994 இல் தகரக் கொட்டிலாகத் தொடங்கிய சில்லறைக் கடை. அவர் போனபிறகு பன்னிரண்டு வருசம் நான்தான் நடத்தினேன். கணவர் கத்தாரில். அவர் அனுப்பிய காசு, என் நகை, வங்கிக் கடன் எல்லாவற்றையும் சேர்த்து 2023 வைகாசியில் அத்திவாரம் வெட்டி, அதே வளவில் ஒரு சுப்பர் மார்க்கெட் கட்டினேன். இன்று கடை ஓடுகிறது, கடவுளுக்கு நன்றி. ஆனால் கட்டி முடித்தபிறகு உடைத்துத் திருத்தியதிலும் பழுதாகிப்போன சாமானிலும் 11 இலட்சத்து 37 ஆயிரம் ரூபா போனது. 2024 சித்திரைப் புத்தாண்டுக்குத் திறக்க இருந்த கடையை ஆவணியில்தான் திறக்க முடிந்தது. ஒரு சதம் வியாபாரம் இல்லாமல் அந்த நாலு மாசமும் கட்டிய கடன் தவணை தனியாக 3 இலட்சத்து 12 ஆயிரம். எல்லாம் கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இப்போது எங்கள் பக்கம் செங்கலடியில் இருந்து அக்கரைப்பற்று வரை ஊருக்கு ஊர் சின்னச் சின்ன சுப்பர் மார்க்கெட்டுகள் எழும்புகின்றன. அடுத்ததாகக் கட்டப்போகும் ஒருவராவது அத்திவாரம் வெட்ட முதல் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பிழை பிளானிலேயே தொடங்கியது. முதலில் மட்டக்களப்பு ரவுணில் ஒரு கட்டடக் கலைஞரிடம் போனேன். அவர் இரண்டு மணித்தியாலம் கேள்வியாகவே கேட்டார். என்னென்ன சாமான் விற்பீர்கள், எத்தனை பிறிட்ஜ் வைப்பீர்கள், அரிசி மூட்டை எந்தப் பக்கத்தால் இறங்கும், லொறி எத்தனை மணிக்கு வரும், ஆக்கள் கூடுகிற நேரம் எது, வாவிக்கு அந்தப் பக்கம் உள்ள படுவான்கரை ஆக்கள் நாளாந்தம் வருவார்களா அல்லது மாசத்துக்கு ஒருதரம் மொத்தமாக எடுப்பார்களா என்று. எனக்குச் சலித்துப் போய்விட்டது. நாலு சுவருக்கு இவ்வளவு கதையா என்று நினைத்தேன். பிளானுக்கு மட்டும் 2 இலட்சத்து 75 ஆயிரம் கேட்டார். வேண்டாம் என்று வந்து, தெரிந்த ஒருவர் மூலமாகப் படம் கீறும் இன்னொருவரிடம் கொடுத்தேன். 40 ஆயிரம், நாலு நாளில் கையில் வந்தது. உள்ளே 35 அடி அகலம், 50 அடி நீளம் என்று ஒரு பெட்டி. நடுவில் 'விற்பனைக் கூடம்' என்ற எழுத்து. அவரில் நான் குற்றம் சொல்லவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அனுமதிக்கும் அந்தப் படம் போதுமாக இருந்தது. பிரதான வீதி என்பதால் வீதிக்கும் கட்டடத்துக்கும் இடையில் விடவேண்டிய தூரம், வாகனம் நிற்கும் இடம், மழைத்தண்ணீர் போகும் வழி எல்லாம் பிரதேச சபையில் பார்ப்பார்கள். கடைக்குள் ஆக்கள் எப்படி நடப்பார்கள் என்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். அது கட்டுகிற ஆளின் வேலை.

பின்னாளில் மேலே ஒரு தட்டு எழுப்பும் எண்ணம் இருந்ததால் உள்ளுக்கும் தூண் வேண்டியிருந்தது. அகலத்தை மூன்றாகப் பிரித்து, கிட்டத்தட்ட 12 அடிக்கு ஒரு தூண் வரிசை. மேசன் பாஸ் நல்ல மனிதர், கை சுத்தம். ஒருநாள் கம்பி கட்டும்போது, "தங்கச்சி, இந்தத் தூண் நடுவில நிக்கிறது உங்களுக்குக் கரைச்சல் இல்லையா?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. பிளானில் உள்ளபடி போடுங்கள் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு கேள்வியை நின்று கேட்டிருந்தால் மூன்று இலட்சம் மிஞ்சியிருக்கும்.

கணக்கு இதுதான், தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். சுப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்க நடுவில் நிற்கும் இரண்டு பக்க றாக்கை கிட்டத்தட்ட 3 அடி அகலம். சுவரோடு நிற்கும் ஒற்றைப் பக்க றாக்கை ஒன்றரை அடி. என் 35 அடியில் இரண்டு சுவர் றாக்கைக்கும் 3 அடி போனால் மிச்சம் 32. அதில் ஐந்து வரிசை போட்டால் றாக்கைக்கே 15 அடி போய், மிஞ்சுகிற 17 அடியை ஆறு நடைபாதைக்குப் பிரிக்க வேண்டும். ஒரு பாதைக்கு மூன்று அடியும் இல்லை. நாலு வரிசை போட்டால் பாதை சரியாக 4 அடி வரும், ஆனால் என் இரண்டு தூண் வரிசையும் அந்தப் பாதைகளுக்குள்தான் வந்து நிற்கும். சரியான முறை இதற்கு நேர்மாறானது. முதலில் றாக்கை 3 அடி, பாதை 5 அடி, ஆக 8 அடி என்று முடிவெடுத்து, அந்த எட்டின் மடங்கில் 16 அடிக்கோ 24 அடிக்கோ ஒரு தூண் வரும்படி பொறியியலாளரிடம் கேட்க வேண்டும். அப்படிச் செய்தால் தூண் றாக்கைக்குள் மறைந்துவிடும். இடைவெளி கூடினால் பீமும் கம்பியும் கூடும், செலவு கொஞ்சம் ஏறும். நான் பிறகு இழந்ததோடு பார்த்தால் அது பெரிய தொகை இல்லை.

2024 பங்குனியில், டைல்ஸ் பதித்து பெயின்ற் அடித்து முடித்தபிறகு, றாக்கை வாங்கக் கொழும்புக்குப் போனேன். விற்பவர் என் அளவைக் கேட்டு, கொம்பியூட்டரில் ஐந்து வரிசை அழகாகக் கீறிக் காட்டினார். நிறையச் சாமான் அடுக்கலாம் என்று எனக்கும் சந்தோசம். றாக்கை விற்பவர் றாக்கையைத்தான் கூட்டிப் போடுவார் என்பது அந்த நேரம் உறைக்கவில்லை. ஐந்து வரிசைக்கும் காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

சித்திரைக்குத் திறக்க விடாமல் செய்தது கரண்ட். பழைய கடையில் இருந்தது ஒற்றைப் பேஸ் 30 அம்பியர் இணைப்பு. அதையே புதுக் கட்டடத்துக்கு மாற்றி, வயறிங் முழுவதும் சுவருக்குள் புதைத்தாயிற்று. பிறகு வந்து இறங்கியவை: திறந்த முகப்புச் சில்லர் இரண்டு, கண்ணாடிக் கதவு பிறிட்ஜ் இரண்டு, ஐஸ்கிறீம் பெட்டி, மீன் இறைச்சிக்கு இரண்டு ஆழ் உறைபெட்டி. 230 வோல்ற்றில் 30 அம்பியர் என்றால் மொத்தம் ஏழு கிலோவாற்று கூட வராது. கொம்பிரசர் தொடங்கும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு இழுக்கும். மூன்றைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தது. மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பம், மதிப்பீடு, காசு கட்டுதல், கம்பி இழுத்தல் என்று ஏழு கிழமை. சுவரை வெட்டித் திரும்ப வயறிங், ஒவ்வொரு சில்லருக்கும் தனி லைன், ஜெனரேற்றருக்கு மாற்றும் சுவிட்ச். எல்லாமாக 2 இலட்சத்து 40 ஆயிரம். அத்திவாரம் வெட்டுகிற கிழமையிலேயே என்னென்ன பெட்டி வாங்கப்போகிறீர்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் பின்பக்கத் தகட்டிலும் உள்ள வாற்று எண்ணை எழுதி, கரண்ட் வேலை செய்பவர் கையில் கொடுங்கள். இணைப்புக்கு அன்றே விண்ணப்பியுங்கள். கட்டடம் எழும்பும் காலத்துக்குள் அதுவும் வந்து சேரும்.

கரண்ட் வந்து சில்லரைப் போட்ட மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் தரை முழுக்கத் தண்ணீர். சின்ன பிறிட்ஜுகளில் உருகும் தண்ணீர் அடித்தட்டில் விழுந்து தானே ஆவியாகிவிடும். பெரிய திறந்த சில்லருக்கு அது போதாது, தரையில் குழாய் வேண்டும். எங்கள் கடலோரக் காற்றில் ஈரம் வேறு அதிகம், கதவு திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்த ஈரமெல்லாம் குளிரில் பட்டுத் தண்ணீராகிறது. டைல்ஸும் மினுமினுக்கும் இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், நான் ஆசைப்பட்டு எடுத்தது. தண்ணீர் நிற்பது கண்ணுக்கே தெரியாது. வேலைக்கு வரும் பிள்ளை ஒன்று, ஏழு மாசப் பிள்ளைத்தாய்ச்சி, துடைக்க வாளியோடு வந்து வழுக்கி, நல்லகாலம் றாக்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கை கால் நடுங்கி நின்ற இடத்திலேயே இருந்துவிட்டேன். அன்றைக்கே மேசன் பாஸைக் கூப்பிட்டு, சில்லர் வரிசை நெடுக டைல்ஸை உடைத்து, குழாய் பதித்து, வாட்டம் கொடுத்து மூடினோம். 1 இலட்சத்து 75 ஆயிரம். உடைத்த இடத்துக்குச் சொரசொரப்பான டைல்ஸ் போட்டேன், நிறம் ஒத்துவரவில்லை. வருகிற ஆக்கள் இப்பவும் கேட்பார்கள், அது என்ன அந்தப் பட்டை என்று.

ஆவணியில் திறந்தோம். கச்சான் காற்று சுட்டெரிக்கிற நேரம். வீதியின் கடல் பக்கக் கடை என்றால் முகம் மேற்கே. நான் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி போட்டிருந்தேன், கொழும்பில் பார்த்த மாதிரி. பின்னேரம் மூன்று மணிக்கு வெயில் நேராக உள்ளே இறங்கிப் பிஸ்கட் றாக்கை வரை போகும். சொக்கலேற் உருகி உறைக்குள்ளேயே வளைந்தது. சவர்க்காரப் பக்கற்றுகளின் நிறம் ஒரு மாசத்தில் வெளிறியது. உள்ளே இன்னொரு சூடும் இருந்தது. பிளக்கில் செருகிப் பாவிக்கும் சில்லர் தன் வயிற்றுக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக் கடைக்குள்ளேதான் கொட்டும். ஏழு பெட்டியும் சேர்ந்தால் அடுப்படி மாதிரி. நான் சுவரோடு ஒட்ட வைத்திருந்தேன். பின்னால் ஒரு சாண் இடைவெளி, மேலே சூடு வெளியேறும் காற்றுத் துளை, இரண்டும் வேண்டும். சூடாக இருக்கிறதே என்று கூரை விசிறியைக் கூட்டி விட்டேன், அது இன்னும் மோசம். திறந்த சில்லரின் முகப்பில் மேலிருந்து கீழாகக் குளிர்காற்றுத் திரை ஒன்று ஓடும். விசிறிக் காற்று அதைக் கலைத்தால் குளிரெல்லாம் வெளியே வந்துவிடும். ஐந்து பாகைக்குக் கீழே நிற்க வேண்டிய இடத்தில் பதினொன்று காட்டியது. யோகட்டும் பால் பக்கற்றும் தயிரும் ஐஸ்கிறீமுமாக இரண்டு கிழமையில் 62 ஆயிரத்துக்குக் கொட்டினோம். கதவுக்கு நேரேயும் விசிறிக்குக் கீழேயும் திறந்த சில்லர் வைக்காதீர்கள். முடிந்தால் கண்ணாடிக் கதவுள்ளதையே வாங்குங்கள். தயிர் என்றதும் இன்னொன்று. எங்கள் ஊரில் எருமைத் தயிர் மண்சட்டியில்தான் போகும். சில்லர்த் தட்டுகளின் இடைவெளி பால் பக்கற்றுக்கும் போத்தலுக்கும் அளந்தது. சட்டி ஒன்று வைத்தால் மேலே வெறும் காற்று, இரண்டு அடுக்கினால் இடிக்கும். வாங்க முதல் ஒரு தயிர்ச்சட்டியைக் கையோடு கொண்டுபோய் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது காசுக் கணக்குக்குள் அடங்காதது. 2011 தை மாச வெள்ளத்தில் பழைய கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று அரிசி எல்லாம் ஊறிப்போனது. அந்தப் பயத்தில் புதுக் கட்டடத்தை வளவு மட்டத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்தினேன். அது சரியான முடிவுதான், இன்றும் சொல்வேன். ஆனால் ஏறிவர ஐந்து படி மட்டும் வைத்தேன். திறந்து நாலைந்து நாள் இருக்கும், பழுகாமத்தில் இருந்து ஒரு ஆச்சி வந்தார். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் சாமான் எடுப்பவர். பட்டிருப்புப் பாலம் கடந்து பேரனின் மோட்டார் சைக்கிளில் வருவார். பழைய கடை வாசலில் அவருக்கென்று ஒரு வாங்கு கிடந்தது. அதில் இருந்து வெற்றிலை போட்டபடி சாமான் சொல்லுவார், நான் உள்ளே இருந்து எடுத்துக் கட்டிக் கொடுப்பேன். அன்றைக்குப் படிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். ஒரு கையால் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார், எடுத்துவிட்டார். "புள்ள, நான் ஏறமாட்டன். இஞ்சயே நிக்கன். ரெண்டு கிலோ சீனியும் தேயிலைப் பக்கற் ஒண்டும் எடுத்துத் தா" என்றார். உள்ளே கூட்டம். நான் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவதற்குள் பத்து நிமிசம் ஆகிவிட்டது. வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். "நல்ல பெரிய கடை புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு மகள் எங்கோ வாசித்துச் சொன்னாள், உலகத்தில் பல இடங்களிலும் கடை முதலில் எங்கள் பழைய கடை மாதிரித்தானாம். வாடிக்கையாளர் வெளியே நின்று சொல்ல, கடைக்காரர் உள்ளே இருந்து எடுத்துக் கொடுப்பார். 1916 இல் அமெரிக்காவில் மெம்ஃபிஸ் என்ற நகரில் பிக்லி விக்லி என்ற கடைதான் ஆக்களை உள்ளே விட்டுத் தாங்களே எடுத்துவரச் செய்ததாம். அதைக் கேட்டபிறகுதான் எனக்கு முழுக்க விளங்கியது. பழைய கடையில் நடந்தது நான். ஆச்சி இருந்தார், நான் நடந்தேன். புதுக் கடையில் நடக்க வேண்டியது அவர். அப்படியென்றால் அவருடைய முழங்கால், அவருடைய கண், அவர் கையில் உள்ள பை, இவற்றின் அளவில்தான் கட்டடம் இருக்க வேண்டும். நான் என் சாமானின் அளவில் கட்டியிருந்தேன்.

ஐந்து வரிசை றாக்கையின் கதை நீங்கள் ஊகித்ததுதான். இரண்டு பெண்கள் கூடையோடு எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்னால் நடந்து வெளியே வரவேண்டும். குனிந்து கீழ்த்தட்டில் பருப்பு எடுக்கும் ஒருவரைக் கடந்து யாரும் போகமாட்டார்கள். எங்கள் பக்கத்து ஆக்கள் தெரியாத ஆளில் உரசிப் போவதை விரும்பமாட்டார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். நடு இரண்டு வரிசையின் சாமான் விற்கவே இல்லை. கல்லா வாசலுக்கு நேரே நடுவில். பில் போட நிற்கும் வரிசையும் உள்ளே வருகிற ஆக்களும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டார்கள். லைற்றுகளைக் கட்டட நீளத்துக்கு வரிசையாகப் போட்டிருந்தோம், அதில் பாதி றாக்கைத் தலைக்கு நேர் மேலே வந்தது. மேல்தட்டில் வெளிச்சம், கீழ்த்தட்டில் இருட்டு. றாக்கை எங்கே நிற்கும் என்று முடிவில்லாமல் லைற் போடவேண்டி வந்தால் றாக்கைக்குக் குறுக்காக வரிசை வரும்படி போடுங்கள். பிறகு றாக்கையை எங்கே நகர்த்தினாலும் எல்லாப் பாதைக்கும் வெளிச்சம் விழும்.

ஐப்பசி பிந்தி மாரி தொடங்கியதும் களஞ்சியம் இல்லாத குறை வந்தது. ஆம், பிளானில் களஞ்சிய அறையே இல்லை. 1,750 சதுர அடியும் விற்பனைக்கே என்று பெருமையாக நினைத்திருந்தேன். ஏஜென்சி லொறிகள் வரும், இருபது பெட்டி எடுத்தால் விலைக்கழிவு என்பார்கள், எடுத்தால் வைக்க இடமில்லை. பாதையில் பெட்டி, கல்லாவுக்குப் பின்னால் பெட்டி, வீட்டு விறாந்தையில் அரிசி மூட்டை. வளவின் பக்கப் பாதை ஒடுக்கம், லொறி கிறுகாது. அதனால் மழையில் பிரதான வீதியில் நிறுத்தி, முன்வாசல் படியால், வாடிக்கையாளர்களுக்கு நடுவே மூட்டை ஏறும். ஒரு மூட்டை சீனி நனைந்து பாகாய் வழிந்து படியெல்லாம் எறும்பு. மொத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது களஞ்சியத்துக்கு விடுங்கள். அதற்குப் பின்பக்கமாகத் தனிக் கதவும், லொறி பின்னுக்கு வந்து திரும்பிப் போக இடமும் வேண்டும். லொறிக்காரத் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு வெறும் வளவில் ஓட்டிக் காட்டச் சொன்னால் பத்து நிமிசத்தில் தெரிந்துவிடும்.

2025 தைப்பொங்கல் முடிந்த கையோடு ஆறு நாள் கடையைப் பூட்டினேன். யாரிடமும் போகவில்லை, காசும் இல்லை. நானும் மகளும் அளவுநாடாவும் சோக்கட்டியுமாக இரவிரவாகத் தரையில் கீறினோம். வெறும் பெட்டிகளை றாக்கைபோல அடுக்கினோம். அவள் கூடை தூக்கி ஒரு பக்கத்தால் வர, நான் ஒரு கையில் பத்துக் கிலோ அரிசியோடு எதிர்ப்பக்கத்தால் வந்தேன். இடித்தால் அழித்துக் கீறினோம். வாசலில் இருந்து சீனி வரை, சீனியிலிருந்து கல்லா வரை எத்தனை எட்டு என்று எண்ணினோம். கணவர் வட்ஸ்அப்பில் கத்தாரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அங்கே பெரிய கடைக்குப் போகும்போதெல்லாம் அளந்து அனுப்பினார், பிரதான பாதை 7 அடி, மற்றவை 5 அடி என்று.

கடைசியில் தூண்களோடு சண்டை பிடிப்பதை விட்டேன். இரண்டு தூண் வரிசையிலும் ஒவ்வொரு றாக்கை வரிசை, தூண் றாக்கையின் நடுவில் மறையும்படி. தூண் வரும் இடத்தில் தட்டை விட்டு, கொக்கி அடித்து விளக்குமாறு, வடிகட்டி, அகப்பை தொங்கவிட்டேன், அது நன்றாகப் போகிறது. இரண்டு வரிசைக்கும் நடுவில் கிட்டத்தட்ட 9 அடி. அதன் நடுவில் இடுப்பளவு உயரத்துக்கு மேல் போகாமல் அரிசி, சீனி, பருப்பு, கோதுமை மா. ஒரு சுவர்ப்பக்கம் சில்லர்கள், மறுபக்கம் மரக்கறித் தட்டுகள், களுதாவளை வெற்றிலை, பழம். நெல்லு வெட்டி முடிந்து கையில் காசு வரும்போது படுவான்கரை ஆக்கள் மூட்டையாகத்தான் எடுப்பார்கள், அந்த நடுப்பாதையில் தள்ளுவண்டி தாராளமாகப் போகிறது. நடு றாக்கைகளின் உயரத்தை ஐந்து அடிக்குக் குறைத்ததால் கல்லாவில் இருந்தே பின்சுவர் தெரிகிறது. கல்லாவை வெளியேறும் பக்கத்துக்கு ஒதுக்கினேன். கருவாட்டையும் பூச்சிமருந்துச் சாமானையும் தேயிலை, அரிசியிலிருந்து பிரித்துக் கண்ணாடி அடைப்புக்குள் போட்டேன். பின்பக்கம் 10 அடியை மறித்துக் களஞ்சியம், சுவரை வெட்டிப் புதுக் கதவு, 1 இலட்சத்து 30 ஆயிரம். மூன்று வரிசை றாக்கை மிஞ்சியது. பாதி விலைக்கும் யாரும் கேட்கவில்லை, அதில் 3 இலட்சத்து 10 ஆயிரம் நட்டம். ஐந்து வரிசையில் விற்றதைவிட இரண்டு வரிசையில் கூடுதலாக விற்கிறது. எத்தனை சாமான் வைத்திருக்கிறோம் என்பதைவிட எத்தனை சாமானுக்கு முன்னால் ஒரு ஆள் நிம்மதியாக நிற்கமுடிகிறது என்பதுதான் கணக்கு என்று கண்ணால் கண்டேன்.

மாசியில் சாய்தளம் போட்டேன். ஒரு அடி உயர 12 அடி ஓட வேண்டும், அதைவிடச் செங்குத்தாகப் போட்டால் தள்ளுநாற்காலி ஏறுவது கஷ்டம், வயதானவர்களுக்கு இறங்கும்போது பயம். என் இரண்டரை அடிக்கு 30 அடி. வளவு முகப்பு 42 அடி இருந்ததால் கட்டட முன்சுவரோடு ஒட்டி நீளமாகப் போட இடம் கிடைத்தது. நாலடி அகலம், இரண்டு பக்கமும் கைபிடி, மேலே ஏறி நின்று திரும்ப ஒரு தட்டையான இடம். படியையும் உடைத்துத் தணித்து அகட்டினேன். 2 இலட்சத்து 20 ஆயிரம். சாய்தளத்துக்காக மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒரு பக்கத்துக்கு ஒதுக்க வேண்டி வந்தது. முதலிலேயே பிளானில் போட்டிருந்தால் அந்த நெருக்கடியும் இருந்திருக்காது. பழைய வாங்கைத் தேடி எடுத்துக் கழுவி, மேலே ஏறியதும் உள்ள நிழலில் போட்டிருக்கிறேன். ஆச்சி வருகிறார், கைபிடியைப் பிடித்து மெதுவாக. உள்ளே ஒரு சுற்று நடந்துவிட்டு வாங்கில் வந்து இருந்து, மிச்சத்தை வாயால்தான் சொல்லுவார்.

திருத்தாமல் கிடப்பது மேற்கு வெயில் மட்டும். இப்போதைக்குப் பின்னேரம் பாய் இறக்குகிறோம், மூன்று மணிக்கு முதல் சொக்கலேற் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைக்கிறோம். கச்சான் தொடங்குவதற்குள் முன்பக்கம் 8 அடிக்குக் கழற்றக்கூடிய தகரத் தாழ்வாரம் போட வேண்டும். வீதிப் பக்கமாக நீள்வதால் அனுமதி எடுக்க வேண்டும், போன கிழமை சபைக்குப் படம் கொடுத்திருக்கிறேன். முதலில் போய்த் திரும்பி வந்தேனே, அந்தக் கட்டடக் கலைஞரிடம்தான் கீறினேன். தாழ்வாரத்துக்குத்தானே என்று நினைத்திருந்தேன். அவர் இந்த முறையும் கேள்வியாகவே கேட்டார், எத்தனை மணிக்கு எந்தத் தட்டு வரை வெயில் வருகிறது, மழைக்கு எத்தனை சைக்கிள் ஒதுங்கும், ஆச்சி எந்தப் பக்கத்தால் ஏறுவார் என்று. நானும் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.